தழைக் குவியலில் மலைப்பாம்பு

அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். எனக்கு முதலில் உறைத்தது அதுதான். பதினொரு வயதுப் பிள்ளை. பள்ளித் தோட்டத்திலிருந்து எப்போதும் கத்திக்கொண்டே ஓடி வருகிறவள். அன்று கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தாள். நான் குழாயடியில் பூவாளிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், சத்தம் போடாதீங்க," என்றாள். "தழைக் குவியல்ல மலைப்பாம்பு. ரொம்பப் பெருசு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி ஓடாம, மெதுவா பின்னால நகர்ந்து வந்துட்டேன்."

"உன்கூட வந்தவ எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது.

எங்கள் பள்ளி மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், கடைவீடுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிற சின்னத் தமிழ்ப் பள்ளி. பின்பக்கம் ஒரு துண்டு நிலம் உண்டு. ஒரு பக்கம் பாலர் வகுப்பின் சுவர், எதிர்ப்பக்கம் கார் பட்டறையின் மதில், பின்னால் கடலுக்குப் போகும் பெரிய லோங்காங் சாக்கடை. நான் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் நடத்துகிறவள். சுற்றுச்சூழல் கழகத்தையும் என் தலையில் கட்டியபோது, உடைந்த மேசை நாற்காலிகள் கிடந்த அந்த இடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினேன். குப்பையைப் பிரித்துப் போடு, நெகிழிப் பையை வாங்காதே, தண்ணீரை மிச்சம் பிடி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதை அப்படியே தேர்வில் எழுதிவிட்டு, வெளியே வந்ததும் மிட்டாய்த் தாளை லோங்காங்கில் எறிவார்கள். கை மண்ணில் பட்டால்தான் மனத்தில் ஒட்டும் என்று எனக்குத் தோன்றியது.

கத்தரி, வெண்டை, சோற்றுக்கு வாசம் தரும் பாண்டான் எல்லாம் வைத்தோம். மதில் ஓரமாக ஒரு பெரிய தழைக் குவியல். வெட்டிய புல், காய்ந்த இலை, கேண்டீன் அக்கா தரும் காய்கறித் தோல் எல்லாம் அதில்தான் போகும். அது மக்கும்போது உள்ளே கையை விட்டால் வெந்நீர்ப் பானை மாதிரி சூடாக இருக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். பள்ளி விடுமுறையில் அதைக் கிளறிவிட ஆளில்லை. விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில், குவியலைப் பார்த்து வரச் சொல்லி இரண்டு பேரை முன்னால் அனுப்பியிருந்தேன். குழாயடிக்கும் குவியலுக்கும் இடையில் ஒரு கட்டட மூலைதான். அந்த மூலைதான் அன்று என் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் பெண்ணை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மூலையைத் திரும்பினேன்.

மற்றவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். அவளுக்கு முன்னால், நீட்டிய கைக்குச் சற்றே அப்பால், தழைக் குவியலின் மேல் அது சுருண்டு கிடந்தது. என் தொடை கனம். மஞ்சளும் கறுப்புமாக வலை பின்னிய தோலில் காலை வெயில் எண்ணெய் மாதிரி வழுக்கியது. தலையை மட்டும் சுருளுக்கு மேலே தூக்கி வைத்திருந்தது. நாக்கு வெளியே வந்து வந்து போனது. அந்தத் தலை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பாம்பு என்றால் படத்தில்கூட ஆகாது. ஊர்வனவற்றைப் பற்றிய பாடம் நடத்தும்போது, பாம்புப் படம் இருக்கும் பக்கத்தின் மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவேன். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. பாம்பு நம் எதிரி இல்லை, எலியைத் தின்று நமக்கு உதவுகிறது, கண்டால் அடிக்காதீர்கள், விலகி வாருங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள் என்று கணீரென்ற குரலில் சொல்லியிருக்கிறேன். கூப்பிடப்பட்ட பெரியவள் இப்போது நான்தான்.

"அம்மாடி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "டீச்சர் பின்னால இருக்கேன். திரும்பாதே. ஒரு காலைப் பின்னால வை."

அவள் அசையவில்லை. தோள்பட்டை மட்டும் மூச்சில் ஏறி இறங்கியது. கால்சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"ஒரே ஒரு கால். வலது கால்."

அசைவில்லை. அவளுக்கு நான் பேசுவது கேட்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. போய் அவளை இழுத்து வருவதைத் தவிர வேறு வழி இல்லை. நான் நடந்தேன். காய்ந்த இலை என் செருப்பின் கீழ் நொறுங்கியபோது பாம்பின் தலை என் பக்கம் திரும்பியது. நின்றேன். அது மறுபடி அவள் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, இன்னும் ஓர் அடி வைத்தேன். கடைசியில் இரண்டு கையாலும் அவள் தோள்களைப் பிடித்தேன். மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அப்படியே என் மேல் சாய்த்து, குதிகால்கள் மண்ணில் கோடு கிழிக்க, பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்தேன். மூலையைத் தாண்டியதும் இரண்டு பேரும் சிமிட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தலைமையாசிரியர் மணியடித்து, பாலர் வகுப்புப் பிள்ளைகள் உட்பட எல்லோரையும் மண்டபத்துக்குள் போகச் சொன்னார். ஆசிரியைகள் கதவுகளைச் சாத்தினார்கள். நான் அபாய எண்ணுக்கு அழைத்தேன். மீட்புப் படையின் வண்டி மலைப்பக்கம் வேறொரு அழைப்புக்குப் போயிருந்தது. வருகிறோம், கொஞ்சம் நேரமாகும், யாரும் கிட்டே போக வேண்டாம் என்றார்கள்.

நான் மூலையில் நின்று பாம்பைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அது எங்கே போகிறது என்று யாருக்காவது தெரிய வேண்டும். பாலர் வகுப்பின் சுவருக்கு அடியில் தண்ணீர் போகும் பொந்து ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்துவிட்டால் தரைக்கடியில் எங்கே என்று தேடுவது? ஆனால் பாம்பு நகரவில்லை. இத்தனை சத்தத்துக்கும் நகரவில்லை. ஒரு தடவை சுருளைத் தளர்த்தி மறுபடி இறுக்கியபோது, இடுக்கில் வெள்ளையாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு என்னவோ தெரிந்தது. அடைகாத்துக்கொண்டிருந்தது. நாங்கள் கேண்டீன் தோல்களைப் போட்டுப் போட்டுச் சூடேற்றிய குவியலை அது தன் வீடாக எடுத்துக்கொண்டிருந்தது.

மீட்புப் படைக்கு முன்னால் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். யார் வாட்சாப்பில் போட்டார்களோ தெரியாது. முதலில் வந்தவர், காலையில் என்னிடம் நடந்து வந்தாளே, அந்தப் பெண்ணின் அப்பா. பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். இரவு வேலை முடிந்து பெர்ரியில் வந்து இறங்கிய கையோடு, துறைமுகச் சட்டையிலேயே வந்திருந்தார். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவர்தான் துணைத் தலைவர். இளைய மகள் பாலர் வகுப்பில் படிக்கிறாள். தோட்டக்காரரின் கொட்டகையிலிருந்து பாராங் கத்தியை எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், துடைப்பக் கட்டையும் இரும்புக் குழாயுமாக.

"எங்க டீச்சர் அது?"

"அண்ணே, படை வருது. கிட்டப் போகாதீங்க."

"வர்ற வரைக்கும் அது இங்கயே குந்திக்கிட்டு இருக்குமா? என் சின்னப் பொண்ணு உக்கார்ற ரூமு இது, டீச்சர். சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவ தூங்குறா."

"இருக்கும்ணே. முட்டை மேல படுத்திருக்கு. அதைவிட்டு நகராது."

"முட்டை வேறயா!" பின்னால் நின்ற ஒருவர் கத்தினார். "அப்ப அத்தனையும் பொரிச்சு வெளிய வரட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா? என்னலா டீச்சர் நீங்க!"

"குப்பையக் கொட்டி வளர்த்ததே இவங்கதானே," என்றார் இன்னொருவர்.

துறைமுகக்காரர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்களுக்குப் பாம்பு முக்கியமா, எங்க பிள்ளைங்க முக்கியமா?"

நான் காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். "பிள்ளைங்கதான்ணே," என்றேன். "அதனாலதான் சொல்றேன். இதுக்கு விஷம் இல்ல. ஆனா அடிபட்டா எந்தப் பக்கம் பாயும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொந்து அந்தச் சுவத்துலதான் இருக்கு. இப்ப அது எங்க இருக்குன்னாவது நமக்குத் தெரியுது."

அவர் கொஞ்சம் தயங்கினார். அந்த நேரத்தில்தான் மண்டபத்தின் பக்கக் கதவு திறந்து அவருடைய மூத்த மகள் வெளியே வந்தாள். எப்படி ஆசிரியைகள் கண்ணில் மண்ணைத் தூவினாளோ! நேரே வந்து அப்பாவுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் நின்றாள்.

"வேணாம்பா."

"உள்ள போ."

"அது ஒண்ணுமே செய்யலப்பா. நான் பக்கத்துல நின்னேன், அப்பக்கூட ஒண்ணும் செய்யல. அதோட முட்டைய அது பார்த்துக்குது. அவ்ளோதான்."

"உள்ள போன்னு சொன்னேன்!"

அவள் போகவில்லை. இரண்டு கையையும் விரித்து நின்றாள். கைகளை இறக்கவில்லை. அவர் கையில் பாராங் இருந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "எம் புள்ளைய எனக்கு எதிரா நிக்க வச்சிட்டீங்க."

நான் அவள் தோளைத் தொட்டேன். "அப்பா சொல்றதைக் கேளு. உள்ளே போ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. கைகளை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனார். நான் பின்னாலேயே போனேன், "அண்ணே, அண்ணே" என்று சொல்லிக்கொண்டே. பாம்பு தலையை உயர்த்தியது. சக்கரத்தில் காற்று இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவர் நின்றார். பாராங்கைத் தூக்கவில்லை. கத்தி எட்டாத தூரத்தில்தான் நின்றார். அவரும் பயந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் தானே திரும்பி வந்திருப்பார்.

மதிலின் மேல் பட்டறைப் பக்கத்திலிருந்து ஒருவன் ஏறி உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை அதுவரை நாங்கள் கவனிக்கவில்லை. பாம்பு அசையாததில் அவனுக்கு என்ன ஏமாற்றமோ, மதிலில் பெயர்ந்திருந்த ஒரு செங்கலை எடுத்து எறிந்தான்.

செங்கல் சுருளின் மேல் தொம்மென்று விழுந்தது. பாம்பு எறிந்தவனை நோக்கிப் போகவில்லை. அதன் கண்ணுக்குத் தெரிந்தவர் துறைமுகக்காரர்தான். அந்தத் தலை பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பாய்ந்து முடிந்ததைத்தான் பார்த்தேன். அவருடைய கால்சட்டையின் முழங்கால் பக்கம் கிழிந்து தொங்கியது. அவர் பின்னால் சரிந்தார். பாராங் எங்கோ போய் விழுந்தது. நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பெரிய உடம்பு. என் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பாம்பு பாதி உடம்பை வெளியே நீட்டி மறுபடி வாயைத் திறந்தது. குழாய் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மூலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்தார். இருவருமாக இழுத்தோம்.

பாம்பு எங்களைத் துரத்தவில்லை. நீட்டிய உடம்பை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, வெளியே உருண்டிருந்த ஒரு முட்டையைச் சேர்த்து மறுபடி சுருண்டது.

துறைமுகக்காரர் எழுந்து காலைத் தடவிப் பார்த்தார். தோலில் கீறல் மட்டும். ரத்தம் கோடு போட்டிருந்தது. அவர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் பாம்பையே பார்த்தார். பிறகு மதிலை அண்ணாந்து பார்த்தார்.

"டேய்! இன்னொரு கல்லு விழுந்துச்சு, நான் மேல ஏறி வந்துருவேன்! எறங்குடா!"

மதிலில் இருந்தவன் இறங்கிப் போனான். அதன் பிறகு படை வரும் வரை துறைமுகக்காரர் அந்த மூலையிலேயே நின்றார். புதிதாக ஓடி வந்த பெற்றோர் ஒவ்வொருவரையும் கையை நீட்டி மறித்தார். "கிட்ட போவாதீங்க. நான் போய்ப் பார்த்துட்டேன். போவாதீங்க." என்னோடு மட்டும் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

மீட்புப் படையில் மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஒரு மலாய்ப் பெண், என்னைவிடச் சின்னவள். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, வளைந்த கம்பியால் தலையை அமுக்கி, பின்கழுத்தைப் பிடித்தாள். மற்ற இருவரும் உடம்பைத் தாங்கிக்கொண்டு பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க நீண்டுகொண்டே போனது. சாக்கில் போட்டுக் கட்டிய பிறகும் சாக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முட்டைகளை, கிடந்த நிலை மாறாமல், தழையோடு சேர்த்து அள்ளி வாளியில் வைத்தார்கள். அவற்றைப் புரட்டினால் செத்துப்போகும் என்றாள். வனவிலங்குத் துறையினரிடம் ஒப்படைப்போம் என்றும் சொன்னாள். வண்டி போன பிறகுதான் நான் மூலையை விட்டு வந்தேன். தலைமையாசிரியர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மதிலில் இருந்தவனின் காணொளி அன்றே ஊரெல்லாம் சுற்றியது. 'பள்ளியில் பாம்பு வளர்க்கும் டீச்சர்' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்த வாரமே பெற்றோர் கூட்டம். தோட்டத்தை மூடு, சிமிட்டி போடு, கழகத்தைக் கலை என்று மண்டபம் இரைந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற இருந்தவர், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பேசினேன். பேசியது யாருக்கும் கேட்டிருக்காது.

கடைசியில் துறைமுகக்காரர் எழுந்தார். என்னைப் புகழவில்லை. "தழைக் குவியல் வேணாம். மூடி போட்ட பெரிய தொட்டி வாங்குங்க. பொந்துக்கு இரும்பு வலை அடிக்கணும், அத நான் செய்றேன். பெரியவங்க இல்லாம ஒரு பிள்ளையும் பின்னால போவக்கூடாது. டீச்சர் முதல்ல போய்ப் பார்த்துட்டு வரணும், பிறகுதான் பிள்ளைங்க," என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தோட்டம் இருக்கட்டும்," என்று சொல்லி உட்கார்ந்தார். சத்தம் ஓயவில்லை, ஆனால் முடிவு அதுவாகத்தான் ஆயிற்று. கழகத்தில் பாதிப் பேர் பெயரை விலக்கிக்கொண்டார்கள்.

பாம்பின் முன்னால் உறைந்து நின்ற பெண் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். அங்கே போனேன். கடைவாசல் ஒலிபெருக்கியின் பாட்டுச் சத்தத்தில், சுடிதார் துணிகளை மடித்துக்கொண்டே பேசினார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கிறா, டீச்சர். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. உங்கள நம்பித்தானே அனுப்பினோம்?"

"தெரியும்கா."

"நீங்க இழுத்துட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு நான் நன்றி சொல்லணும். ஆனா என்னால இப்ப சொல்ல முடியல."

"சொல்ல வேணாம்கா. அவள நான் பார்க்கலாமா?"

அவர் துணியை மடிப்பதை நிறுத்தினார். "உங்களுக்கும் பயமாமே? தோளப் புடிச்சப்ப உங்க கை கிடுகிடுன்னு ஆடுச்சுன்னு சொன்னா. டீச்சருக்கே பயமாம்மா, டீச்சருக்கே பயமான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. அந்த ஒண்ணத்தான் அவ வாயத் திறந்து பேசியிருக்கா."

"செத்துப் பிழைச்சேன்கா," என்றேன். "பாம்புப் படத்தைக்கூட நான் தொட மாட்டேன். அவகிட்ட சொல்லுங்க."

மறுவாரம் அவள் வந்தாள். கழகத்தில் இருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின்கதவு இருக்கும் பக்கமே அவள் போவதில்லை. சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போவாள். ஆண்டு முடியும் வரை அப்படித்தான். பிள்ளைகளை இயற்கையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாதபடி, அவள் அந்தச் சுற்றுப்பாதையில் தினமும் நடந்தாள்.

துறைமுகக்காரரின் மூத்தவள் கழகத்தை விடவில்லை. ஆனால் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். ஒரு நாள் புதுத் தொட்டியில் தழையை அமுக்கிக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"ஏன் டீச்சர் என்ன உள்ள போகச் சொன்னீங்க? நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல."

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன்?"

"ஆமா. ஆனா உன் அப்பா கையில கத்தி இருந்துச்சு. அவருக்குப் பின்னால அத்தனை பேர். முன்னால பாம்பு. நடுவுல நீ. பாம்பு போனா போகுது, உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் எனக்குத் தோணுச்சு."

"அப்போ பாம்பைக் கொன்னிருந்தா பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு சொல்லல. கொன்னிருந்தா நான் அழுதிருப்பேன். ஆனாலும் உன்ன உள்ளதான் அனுப்பியிருப்பேன்."

அவள் மண் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"நான் உங்க இடத்துல இருந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்," என்றாள்.

"சரி," என்றேன்.

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அவள் தொட்டியின் மூடியைத் தூக்கி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நான் பிடிப்பதற்காகக் காத்திருந்தாள்.